இத்தாவில் மாற்றிய ஜன்னல் கண்ணாடி

அஜ்மானில் நாங்கள் கடைசியாகக் குடியிருந்த வீட்டின் ஹால் ஜன்னலில் மூட்டம் போட்டிருந்தது. அது உள்பக்கமா வெளிப்பக்கமா என்று எனக்கும் என் கணவருக்கும் மாதக்கணக்கில் தகராறு நடந்தது. அவர் வெளிப்பக்கம் என்றார். நான் உள்பக்கம் என்றேன். இரண்டு பேரும் சொன்னது தப்பு. அது இரட்டைக் கண்ணாடி. மூட்டம் இரண்டுக்கும் நடுவில், யார் கையும் எட்டாத இடத்தில் இருந்தது. அது தெரிந்த பிறகும் அவர் துடைப்பதை நிறுத்தவில்லை.

துபாயில் மெட்ரோ ரயிலுக்குத் தூண் நட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஷார்ஜாவில் வாடகையை ஏற்றிவிட்டார்கள் என்று அஜ்மானுக்கு வந்தோம். எங்கள் கடையும் அஜ்மான் பஜாரில்தான் இருந்தது. வீட்டுச் சாமான் கடை. வாளி, கரண்டி, தெர்மாஸ், பாய், கொசுவத்தி எல்லாம் கிடைக்கும். புது வீட்டைக் காட்ட வந்த ஏஜென்ட் ஜன்னலை விரல் முட்டியால் தட்டி, "டபுள் கிளாஸ், சத்தமும் வராது, சூடும் வராது" என்றார். என் கணவருக்கு அந்தத் தட்டல் பிடித்துப்போனது. அன்றைக்கே போன் கார்டு போட்டு ஊருக்குப் பேசினார். "உம்மா, எங்க ஜன்னல்ல ரெண்டு கண்ணாடி." மாமி அந்தப் பக்கத்திலிருந்து, "ஒண்ணு ஒடஞ்சாலும் இன்னொண்ணு இருக்கும், நல்லதுதானே வாப்பா" என்றார்கள். மாமிக்கு எதுவுமே நல்லதுதான், என்னைத் தவிர.

அந்த ஜன்னல் மேற்குப் பார்த்தது. மத்தியானத்துக்கு மேல் வெயில் நேராக ஹாலுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்த ஊர்க் கடைகள் ஒரு மணிக்கு மூடி நாலரைக்குத் திறக்கும். நடுவில் இவர் வீட்டுக்கு வந்து சாப்பிட்டு ஹாலில் பாய் விரித்துத் தூங்குவார். ஹால் ஏசிதான் நன்றாகக் குளிரும் என்பது அவர் கட்சி. வெயில் முகத்தில் அடித்தால் தூங்க முடியாதே. கடையிலிருந்து அலுமினிய ஃபாயில் ரோல் இரண்டு கொண்டுவந்து, பளபளப்பு வெளியே தெரிகிற மாதிரி, கண்ணாடியின் உள்பக்கம் முழுக்கப் பிளாஸ்டர் போட்டு ஒட்டினார்.

அதை அவர் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம். கோடை வந்தால் இங்கே பாதி ஜன்னல்கள் வெள்ளித் தாள் கட்டிக்கொண்டுதான் நிற்கும். எங்கள் எதிர்க் கட்டடம் முழுக்க பேச்சிலர் ரூம்கள். ஒரு ஜன்னல் விடாமல் ஃபாயில். எங்கள் கடையில் மே மாதம் ஃபாயில் பெட்டி பெட்டியாகப் போகும். "எவன் இதுல கோழி சுடுறான்? எல்லாம் ஜன்னலுக்குத்தான்" என்று சிரிப்பார். அந்த வியாபாரி தன் கடைச் சரக்கில் நம்பி வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரே பொருள் அதுதான். கோடை முடிந்ததும் நான் அதைக் கிழித்து எறிவேன். அடுத்த கோடையில் திரும்ப ஒட்டுவார்.

இரண்டாவது கோடை முடிந்து ஃபாயிலைக் கிழித்த சில நாளில் கண்ணாடியின் கீழ் மூலையில், யாரோ வாயால் ஊதிவிட்ட மாதிரி ஒரு வெண்மை தெரிந்தது. நான் துணியால் துடைத்தேன், போகவில்லை. அவர் தினத்தாளை நனைத்துத் துடைத்தார். பிறகு வினிகர் வந்தது, உப்பு வந்தது, பக்கத்து வீட்டிலிருந்து தலைமுடி உலர்த்தும் மெஷின் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை முழுக்க அந்த மெஷினைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோடு மல்லுக்கட்டினார். மூட்டம் கொஞ்சம் விலகியது. ஜெயித்துவிட்டேன் என்று ஜும்ஆ தொழுகைக்குப் போய்விட்டு வந்தார். வந்தபோது அது முன்னைவிட மேலே ஏறியிருந்தது. "நீ ஆணம் காய்ச்சுற ஆவிதான் இது" என்று என்மேல் பழியைப் போட்டார். எங்கள் வீட்டில் குழம்பை ஆணம் என்போம். நான் அன்றைக்கு ஆணமே காய்ச்சவில்லை, பிரியாணிதான் போட்டிருந்தேன். அதைச் சொன்னேன். பிரியாணிக்கும் ஆவி உண்டு என்றார்.

எனக்கு அந்த மூட்டம் வேறு விதத்தில் இடைஞ்சல். எங்களுடையது மூன்றாவது மாடி. ஜன்னலுக்கு நேர் கீழே மணல் மைதானம். கட்டடத்து வண்டிகள் எல்லாம் அங்கேதான் நிற்கும். அவருடைய பழைய வெள்ளைக் காருக்கு வேப்பமரத்துக்குப் பக்கத்தில் ஒரு இடம் உண்டு. அவர் ஆறின மீனைத் தொடமாட்டார். சட்டியிலிருந்து நேராகத் தட்டுக்கு வரவேண்டும். அதனால் ஒரு மணி நெருங்கினால் நான் ஜன்னலில் நிற்பேன். கார் இடத்துக்கு வந்து நின்றதைப் பார்த்ததும் அடுப்பைப் பற்றவைத்து, மசாலா தடவி வைத்த துண்டுகளை எண்ணெயில் போடுவேன். அவர் பூட்டி, மணலைக் கடந்து, லிஃப்டுக்குக் காத்திருந்து, கதவைத் திறந்து, கை கழுவி உட்காரும்போது மீனும் உட்காரும். இது ஒரு கணக்கு. கல்யாணமாகி இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது, வண்டி நிற்பது தெரிகிற ஜன்னல் எது என்பதைத்தான்.

மூட்டம் கண் உயரத்துக்கு ஏறிய பிறகு கீழே வெறும் வெளிச்சம்தான் தெரிந்தது. அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். வண்டியை நிறுத்தியதும் வீட்டுப் போனுக்கு ஒரு மிஸ்டு கால். ஒரு தடவை மணி அடித்து நின்றால் மீனைப் போடு என்று அர்த்தம். எடுத்துவிட்டால் காசு போய்விடுமென்று எடுக்கவும் கூடாது. ஒரு தடவை பழக்கதோஷத்தில் எடுத்துவிட்டேன். "ஏம் புள்ள எடுத்தே? மீனப் போடு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

வைப்பரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த மைதானத்து வண்டிகளையெல்லாம் ஒரு பங்களாதேஷ்காரர் விடியற்காலையில் வாளியும் துணியுமாக வந்து துடைப்பார். துடைத்து முடித்த வண்டிக்கு அடையாளமாக முன் கண்ணாடியில் படிந்திருக்கிற வைப்பர் இரண்டையும் தூக்கி நிறுத்திவிட்டுப் போவார். இந்த ஊரில் எல்லா இடத்திலும் அப்படித்தான். வண்டிக்காரர் காலையில் வந்து வைப்பரை இறக்கிவிட்டு வண்டியை எடுக்கவேண்டும். என் கணவர் தினமும் முணுமுணுத்துக்கொண்டேதான் இறக்குவார். ஜன்னலில் நின்று பார்த்தால் அவர் வாய் அசைவது மேலேயே தெரியும்.

ஜன்னலை மாற்றித் தரச் சொல்லி நாத்தூரிடம் படையெடுக்க ஆரம்பித்தார். நாத்தூர் என்றால் கட்டடத்துக் காவல்காரர். எங்கள் நாத்தூர் பெஷாவர் பக்கத்து மனிதர், எதற்கும் "இன்ஷா அல்லா, அடுத்த வாரம்" என்பார். கண்ணாடிக் கம்பெனி அளவெடுத்துப் போனது. ஆர்டர் போட்டாயிற்று என்றார்கள். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. என் கணவர் போகும்போதும் வரும்போதும் நாத்தூரின் அறை வாசலில் நின்று ஷீஷா, ஷீஷா என்று கண்ணாடியைக் கேட்டுக்கொண்டிருந்தார். நாத்தூர் அவருக்கு ஷீஷா பாய் என்று பெயரே வைத்துவிட்டார்.

கோடை தொடங்கியிருந்தது. புதுக் கண்ணாடி வரட்டும் என்று அந்த வருஷம் அவர் இன்னும் ஃபாயில் ஒட்டவில்லை. ஒரு நாள் மத்தியானம் வழக்கம் போல இரண்டு துண்டு மீன் தின்று, தூங்கி எழுந்து, கடைக்குப் போனார். பொழுது சாய்ந்து மஃரிபு தொழுகை நேரத்தில் கடை நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் என்னை ஒரு தடவை பார்க்கவிட்டார்கள். மறுநாள் மத்தியான லுஹர் தொழுகைக்குப் பிறகு இங்கேயே அடக்கம் செய்தார்கள். மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை, நானும் போகவில்லை. அவர் தம்பி, அதாவது என் கொழுந்தன், துபாயிலிருந்து வந்து எல்லாவற்றையும் பார்த்தார். கடை வாசலில் நின்ற காரை ஓட்டிவந்து அதே வேப்பமரத்துப் பக்கம் நிறுத்திவிட்டுச் சாவியை ஃபிரிட்ஜ் மேல் வைத்தார்.

நான் அழவில்லை. இதை இப்போதே சொல்லிவிடவேண்டும். அழுகையை அடக்கினேன் என்று பொருளில்லை. அடக்குவதற்கு எதுவும் வரவில்லை. என் நெஞ்சுக்குள் கை விட்டுத் துழாவினாலும் ஒன்றும் அகப்படாது போல இருந்தது. எங்களுக்குப் பிள்ளை இல்லை, கட்டிக்கொண்டு அழ ஆள் இல்லாததால் இருக்கும் என்று வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். இருக்கலாம். எனக்கே பயமாகத்தான் இருந்தது. இவ்வளவு வருஷம் கூட இருந்த மனிதர்மேல் எனக்கு ஒன்றுமே இல்லையோ என்று.

நான் இத்தா எங்கே இருப்பது என்ற பேச்சு வந்தது. புருஷன் இறந்த பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு இறங்காமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கவேண்டும். அதுதான் இத்தா. ஊர்ப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போனில் கேட்டதற்கு, புருஷனோடு வாழ்ந்த வீட்டில் இருப்பதுதான் முறை என்று சொல்லிவிட்டார். விசா என்ன ஆகுமோ என்று கொழுந்தன் பயந்துகொண்டே எங்கள் கஃபீலைப் பார்க்கப் போனார். கஃபீல் அரபி மனிதர், அவர் பெயரில்தான் எங்கள் கடை லைசென்ஸ். இத்தா என்ற சொல்லைக் கேட்டதும் மறுபேச்சே இல்லையாம். "கலாஸ், முடிஞ்சுது. அவங்க இருக்கட்டும், பேப்பரை நான் பார்த்துக்கறேன்" என்று எழுந்து தொழப் போய்விட்டாராம். அதன் பிறகு நான் இந்த நாட்டில் இருந்ததற்கு ஒரே காரணம் இத்தாதான். முடிந்ததும் வீட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போய்விடவேண்டும்.

துணைக்கு ஊரிலிருந்து என் லாத்தா விசிட் விசாவில் வந்து சேர்ந்தாள். லாத்தா என்றால் அக்கா. வந்த அன்றைக்கே இந்த வீட்டை அவள் வீடாக ஆக்கிக்கொண்டாள். சமையலறைக்குள் என்னை விடவில்லை. முகம் பார்க்கிற கண்ணாடி பதித்த அலமாரியைப் போர்வையால் மூடினாள். எனக்கு வெள்ளைத் துப்பட்டி, அவளுக்கு எப்போதும் கையில் ஒரு தேநீர். கொழுந்தன் சாமான் வாங்கிக்கொண்டு வந்தால் நான் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். நேற்றுவரை "மச்சி, தண்ணி கொடுங்க" என்று என் கையால் வாங்கிக் குடித்த பிள்ளை அவர். இப்போது கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, "மச்சி, நல்லாயிருக்கீகளா?" என்பார். "இருக்கேன்" என்பேன். அவர் போய்விடுவார்.

ஹால் ஜன்னலைப் பார்த்து லாத்தாவுக்குப் பரம சந்தோஷம். "பாத்தியா புள்ள, அல்லாவே திரை போட்டு வச்சிருக்கான். எதுத்தாப்புல அத்தன ஆம்பளைக, ஒருத்தன் கண்ணு உள்ள வராது." வந்தவர்களிடமெல்லாம் அந்த ஜன்னலைக் காட்டினாள். ஊரில் இத்தா அறை ஜன்னலுக்குச் சேலை கட்டி மறைப்பார்கள், இங்கே அந்த வேலைகூட இல்லை என்றாள். அவளுக்குச் சவுகரியமாக இருந்தது. எனக்கு எதுவுமாக இல்லை. நான் அந்த வெண்மைக்கு முன்னால் உட்கார்ந்து யாசீன் ஓதுவேன், ஓதி முடிந்ததும் அப்படியே உட்கார்ந்திருப்பேன். மூட்டத்துக்குள் சில நாள் பொடிப்பொடியாக நீர் கோத்து நிற்கும். ஏசி கூடும்போது கோடாக இறங்கும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் சாயங்கால அஸர் தொழுகைக்கு நேரமாகிவிடும்.

மாமி தினமும் போன் செய்வார்கள். என்னிடம் ஸலாம் மட்டும். மீதியெல்லாம் லாத்தாவிடம். லாத்தா சமையலறைக்குள் போய்க் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவாள், ஆனால் அவள் தாழ்த்திய குரல் லிஃப்டுவரை கேட்கும். "இல்ல மாமி... இன்னும் இல்ல... ஓதுறா, தின்னுறா, தூங்குறா... கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணியில்ல." மாமி அந்தப் பக்கம் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். அழுதாளா என்பதுதான். பெற்ற மகனைப் பறிகொடுத்தவர்கள், அவர்கள் தினமும் அழுகிறார்கள், கேட்கிற உரிமை அவர்களுக்கு உண்டு. ஒரு நாள் நானே போனை வாங்கி அழுவது மாதிரி ஒரு சத்தம் கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்கும் சோம்பலாக இருந்தது.

கார் பேச்சும் ஒரு தடவை வந்தது. தூசி படிந்து கேட்பாரற்று நிற்கிற வண்டிகளுக்கு முனிசிபாலிட்டிக்காரர்கள் நோட்டீஸ் ஒட்டி, பிறகு தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பக்கத்து வீட்டம்மா லாத்தாவிடம் சொல்லியிருந்தாள். லாத்தா அதைக் கதவுக்கு அப்பால் நின்ற கொழுந்தனிடம் கேட்டாள். காக்கா பெயரில், அதாவது அண்ணன் பெயரில், இருக்கிற வண்டி, கோர்ட்டுக் காகிதம் வராமல் விற்கவும் முடியாது எடுக்கவும் முடியாது என்றார். இன்னும் கீழே நிற்கிறதா என்று நான் கேட்கவில்லை. நின்றால் இந்நேரம் தூசி மூடி நிறமே தெரியாமல் இருக்கும், அல்லது தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். இரண்டில் எதுவானாலும் எனக்கு ஒன்றுதான் என்று இருந்தேன்.

கோடையின் கடைசியில், இத்தா பாதிக்கு மேல் கடந்திருந்தபோது, நாத்தூர் கதவைத் தட்டினார். அந்த அடுத்த வாரம் வந்துவிட்டது. கண்ணாடிக்காரர்கள் நாளை வருகிறார்களாம். நாத்தூருக்கு உருது, லாத்தாவுக்குத் தமிழ், இருவரும் கைகளால் பேசிக்கொண்டார்கள். லாத்தா கதவைச் சாத்திவிட்டு வந்து தலையில் கை வைத்தாள்.

"காலி பண்ணப் போற வீட்டுக்கு என்னத்துக்குடி புதுக் கண்ணாடி? திரையா இருக்குறத எடுத்துப்புட்டு இத்தாவுல நடுவீட்டுல உக்கார வைக்கச் சொல்றியா? மாஃபின்னு சொல்லிப்புடுறேன்." இந்த நாட்டுக்கு வந்த சில வாரத்திலேயே மாஃபி என்ற சொல்லைக் கற்றுக்கொண்டுவிட்டாள். இல்லை, வேண்டாம், போ, எல்லாவற்றுக்கும் அது ஒன்றே அவளுக்குப் போதும்.

"வரட்டும்" என்றேன்.

"என்னா?"

"மச்சான் கேட்டது. வரட்டும்."

அவர் இறந்த பிறகு நான் எது வேண்டும் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. லாத்தா, மாட்டி முடித்த கையோடு பெட்ஷீட்டைக் கட்டி மறைத்துவிடவேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டு ஒத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை இரண்டு பேர் வந்தார்கள். நான் அதற்கு முன்பே படுக்கையறைக்குள் போய்விட்டேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தவர்கள் தமிழ்ப் பையன்கள், பேச்சைக் கேட்டால் கள்ளக்குறிச்சிப் பக்கம். லாத்தாவுக்கு உயிர் வந்தது. உள்ளே தங்கச்சி இத்தா இருக்கிறாள், அந்தப் பக்கம் போகக் கூடாது, சத்தம் போட்டுப் பேசக் கூடாது என்று எல்லாவற்றையும் சத்தம் போட்டுச் சொன்னாள். இத்தா என்றால் என்ன என்று ஒருவர் கேட்டார். லாத்தா சொன்னாள்.

பிறகு ஒருவர் ஜன்னலருகே போயிருக்கவேண்டும். "இங்க ஃபாயில் ஒட்டியிருந்தீங்களாம்மா? பிளாஸ்டர் கறை இருக்குது. அதான். வெயில உள்ள விடாம திருப்பி அனுப்பிச்சா ரெண்டு கண்ணாடிக்கும் நடுவுல கெடந்து வேகும். ஓரத்துல இருக்கற பசை விட்டுடும். இந்த ஊர்ல பாதி வேல எங்களுக்கு இந்த ஃபாயிலாலதான்."

ஆக அவர்தான். வினிகர், உப்பு, தலைமுடி மெஷின், என் பிரியாணி எல்லாம் வீண். அவர் கடையில் விற்ற ஃபாயில்தான். இதைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். வேறு கம்பெனி ஃபாயிலாக இருக்கும் என்று சொல்லியிருப்பார். எனக்குச் சிரிப்பு வந்திருக்கவேண்டும். உதடு கொஞ்சம் அசைந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

"அம்மா, கண்ணாடிய எடுக்கறோம். அனல் வரும். உள்ள இருக்கறவங்களையும் கதவ நல்லா சாத்திக்கச் சொல்லுங்க" என்றார்கள்.

கதவு சாத்தித்தான் இருந்தது. ஆனால் அடியிலிருந்த இடுக்கு வழியாக அனல் வந்து என் கால்மேல் ஏறியது. அதோடு சத்தமும் வந்தது. இரட்டைக் கண்ணாடி வீட்டில் வெளிச் சத்தம் கேட்காது. நான் அத்தனை வாரமும் ஏசியின் ஓசையைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை என்பதே அப்போதுதான் தெரிந்தது. கீழே யாரோ வண்டியை ரிவர்ஸ் எடுக்கிறார்கள். ஒரு பெண் பிள்ளையை மலையாளத்தில் திட்டுகிறாள். பள்ளிவாசலின் லுஹர் பாங்கு இந்த வீட்டுக்குள்ளேயே நின்று சொல்கிற மாதிரி வந்தது. ஊரெல்லாம் அதுபாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. எனக்குக் கோபமும் வரவில்லை. கால் மட்டும் வியர்த்தது.

புதுக் கண்ணாடியைப் பதித்து, ஓரம் பூசி, பழைய கண்ணாடியைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு அவர்கள் இறங்கும்போது மத்தியானம் ஆகிவிட்டது. சத்தம் எல்லாம் மறுபடி நின்றது. லாத்தா அவர்களை லிஃப்டுவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, கதவைத் தாழிட்டு, "வா புள்ள, போயிட்டாங்க. அந்த ஜன்னல் பக்கம் போயிராத, ஷீட்டைத் தேடிக் கட்டிர்றேன்" என்று பெட்டியைக் குடையப் போனாள்.

நான் நேராக ஜன்னலுக்குத்தான் போனேன்.

போகவேண்டும் என்று போகவில்லை. அந்த நேரத்தில் நான் போய் நிற்கிற இடம் அது. கண்ணாடியே இல்லாத மாதிரி இருந்தது. மணல், வேப்பமரம், எதிர்க் கட்டடத்து வெள்ளித் தாள்கள். மரத்துக்குப் பக்கத்தில், அதன் இடத்தில், கார் நின்றது. தூசி ஒரு பொட்டு இல்லை. வெயில் பட்டு வெள்ளை வெளேரென்று, எப்போதும் ஒரு மணிக்கு நிற்பது போல நின்றது.

நான் சமையலறைக்குப் போனேன். அடுப்பைப் பற்றவைத்தேன். சட்டியை வைத்து எண்ணெய் ஊற்றினேன். லாத்தா எங்களுக்காக மசாலா தடவி ஃபிரிட்ஜில் வைத்திருந்த சீலா மீனில் இரண்டு துண்டை எடுத்துப் போட்டேன். எண்ணெய் சத்தம் போட்டது. அந்தச் சத்தம் கேட்டு லாத்தா ஓடிவந்தாள், கையில் பெட்ஷீட்.

"நீ எதுக்குப் புள்ள அடுப்புக்கு வந்தே?"

"தட்டு எடுத்து வை லாத்தா. மச்சான் வந்துட்டாக."

நான்தான் சொன்னேன். என் குரல்தான். அதில் எந்தக் கோளாறும் எனக்குத் தெரியவில்லை. மீனைத் திருப்பிப் போட்டேன். லாத்தா பெட்ஷீட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

இரண்டாவது பக்கமும் வெந்துவிட்டது. அவர் வரவில்லை. லிஃப்டு எங்காவது நின்றிருக்கும், அல்லது நாத்தூரைப் பிடித்துக்கொண்டு ஷீஷா என்று நின்றிருப்பார். மீன் ஆறிவிடுமே என்று எரிச்சலாக வந்தது. உண்மையாகவே எரிச்சல் வந்தது, எத்தனையோ வாரத்துக்குப் பிறகு. இவ்வளவு நேரம் கீழே என்ன செய்கிறார் என்று பார்க்க ஜன்னலுக்குத் திரும்பி வந்தேன்.

காரின் வைப்பர்கள் இரண்டும் தூக்கியபடி நின்றன.

விடியற்காலையில் வாளியோடு வருகிறவரிடம் வேண்டாம் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. கொழுந்தனுக்குத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அவர் ஒவ்வொரு நாளும் வந்து துடைத்துவிட்டு, துடைத்த அடையாளத்துக்கு வைப்பரைத் தூக்கி நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார். முணுமுணுத்துக்கொண்டு இறக்கிவிட ஆள் வரவில்லை. மறுநாளும் அது அப்படியே நின்றிருக்கும், அதற்கு மறுநாளும். இந்தக் கார் காலையில் எங்கேயும் போகவில்லை. போகாத வண்டி ஒரு மணிக்குத் திரும்பி வராது. அவர் இறந்துவிட்டார் என்று எனக்கு எத்தனையோ பேர் சொன்னார்கள், ஆஸ்பத்திரியில் முகத்தைத் திறந்தும் காட்டினார்கள். எனக்குத் தெரிந்தது அங்கே நின்றபோதுதான்.

எதிர்க் கட்டடத்து ஆண்கள் யாராவது பார்த்திருந்தால் பார்த்திருக்கட்டும். கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நான் அழுத அழுகையில் இத்தாவும் இல்லை, மானமும் இல்லை. எனக்கு அவர் வேண்டியிருந்தது. ஃபாயில் ஒட்டிய அந்த மடத்தனத்தோடு, என் பிரியாணி மேல் போட்ட பழியோடு, அப்படியே வேண்டியிருந்தது. லாத்தா ஓடிவந்து பெட்ஷீட்டை ஜன்னலில் கட்டாமல் என்னைச் சுற்றிப் போர்த்தி, அதற்குள் அவளும் நின்றுகொண்டு அழுதாள்.

போன் அடித்தது. மாமி போன் செய்கிற நேரம். லாத்தா எடுக்கவில்லை. அடித்து அடித்து நின்றது.

எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது. அவள்தான் போய் அடுப்பை அணைத்திருக்கவேண்டும். ஜன்னலில் ஷீட்டைக் கட்டினாள், என் முகத்தைத் துடைத்தாள், தட்டில் சோறு போட்டாள். மீன் கருகவில்லை, நன்றாகத்தான் முறுகியிருந்தது. ஆளுக்கு ஒரு துண்டு எடுத்துக்கொண்டோம். ஆறிப்போயிருந்தது. அவர் தொட்டிருக்கமாட்டார். நாங்கள் தின்றோம்.